ஒரு அப்பா, ஒரு மகன், ரெண்டு தங்கமீன்: மீன் தொட்டியின் கதை

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். போன வருஷம் நான் ஆறு மீன்களைக் கொன்னேன்.

வேணும்னு செய்யல. வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க லேப்டாப் திரை. பக்கத்துல ஒரு மீன் தொட்டி இருந்தா மனசுக்கு நல்லா இருக்கும்னு தோணுச்சு. ஒரு சனிக்கிழமை கொளத்தூர் போனேன். சென்னைக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், வண்ண மீன்னா கொளத்தூர்தான். ரெண்டு அடி தொட்டி, ஃபில்டர், கூழாங்கல், நாலு மோலி, ரெண்டு கப்பி, எல்லாம் ஒரே நாள்ல வாங்கியாச்சு. குழாய்த் தண்ணியில குளோரினை எடுக்கிற சொட்டு மருந்தும் மறக்காம விட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டி ரெடி.

மூணாவது நாள் ஒரு மோலி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே இருந்துச்சு. அம்மா பார்த்துட்டு, "தண்ணிய மாத்திப் பாருடா"ன்னாங்க. "அதுக்குத்தாம்மா ஃபில்டர் இருக்கு"ன்னு சொன்னேன். பத்தாவது நாள் தொட்டி காலி. தண்ணி மட்டும் முதல் நாள் இருந்த மாதிரியே பளிச்னு இருந்துச்சு. அதுதான் என்னை ரொம்ப உறுத்துச்சு. அழுக்கே இல்லாத தண்ணியில எப்படிச் சாகும்?

இந்தக் கேள்வியைத் தேடிப் போனப்போ கிடைச்ச கதைதான் இன்னைக்கு.

லண்டன், 1850

கண்ணாடித் தொட்டியில நீர் உயிர்களை வைத்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி, ஜான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண். 1832-ல், இத்தாலியின் சிசிலித் தீவில், ஆர்கோனாட் என்ற கடல் உயிரியைக் கவனிக்கத் தொட்டிகள் செய்துகொண்டார். ஆனால் நம்ம வீட்டுத் தொட்டியின் நேரடித் தாத்தா லண்டனில் பிறந்தது.

ராபர்ட் வாரிங்டன் ஒரு வேதியியலாளர். லண்டன் கெமிக்கல் சொசைட்டியை 1841-ல் தொடங்கியவர்களில் முக்கியமானவர். மருந்து தயாரிப்பாளர் சங்கத்தின் கட்டடத்தில்தான் வேலை, குடும்பத்தோட குடியிருப்பும் அங்கேதான். அங்கே ஒரு 12 கேலன் கண்ணாடித் தொட்டி வைத்தார். நம்ம கணக்குல சுமார் 55 லிட்டர் பிடிக்கும். அடியில் மணல், கொஞ்சம் சேறு, கற்கள். அதில் நாடா மாதிரி நீளமான இலை உள்ள வாலிஸ்னேரியா செடி. அப்புறம் ரெண்டு சின்னத் தங்கமீன்கள்.

அவருடைய யோசனை எளிமையானது. செடிகள் காற்றைச் சீராக்குகின்றன என்று பிரீஸ்ட்லி 1770-களிலேயே காட்டியிருந்தார். அதற்கு வெளிச்சம் வேண்டும் என்று 1779-ல் இங்கன்ஹவுஸ் காட்டினார். அப்போ மீன் விடுகிற கார்பன் டை ஆக்சைடைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி தருகிற ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும். தண்ணியை மாற்றவே வேண்டாம்.

ஆரம்பத்தில் சரியாப் போச்சு. அப்புறம் பழைய இலைகள் அழுகித் தண்ணி கலங்க ஆரம்பிச்சது. வாரிங்டன் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலையைத் தின்றன, அவற்றின் முட்டைகளை மீன்கள் தின்றன, தண்ணி தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றை ஒன்று தாங்குகின்றன என்று 1850-ல் கெமிக்கல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார்.

அடுத்து நடந்ததை இன்னைக்கு நாம டிரெண்டிங்னு சொல்லுவோம். கண்ணாடி மீதான வரியை பிரிட்டன் 1845-லேயே நீக்கியிருந்ததால் கண்ணாடி விலை குறைந்திருந்தது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலை மக்களுக்காக மீன் கூடம் திறந்தது. அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம், 'அக்வேரியம்' என்ற பெயரைப் பிரபலமாக்கியது. வசதியான வீட்டு வரவேற்பறைகளில் தொட்டிகள் முளைத்தன. நிறையப் பேர் கடற்கரைப் பாறைகளில் இருந்து உயிர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பாறைக் குட்டைகள் எப்படிச் சூறையாடப்பட்டன என்று காஸின் மகன் எட்மண்ட் பிற்பாடு வருத்தத்தோடு எழுதினார்.

ஆனா நிறையத் தொட்டிகள் நாறிப்போச்சு. புத்தகத்துல இருக்கிற மாதிரியே செடியும் நத்தையும் போட்டும் மீன்கள் செத்தன. 1860-கள் போகப் போக மோகமும் வடிந்தது.

கணக்கில் வராத ஆள்

வாரிங்டன் கணக்கு தப்பில்லை, முழுசா இல்லை. மீன் கார்பன் டை ஆக்சைடை மட்டும் விடுவதில்லை. அதன் செவுள் வழியா அம்மோனியாவும் வெளியேறுது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, கொஞ்சமா இருந்தா வாசனையும் தெரியாது. செவுளைப் புண்ணாக்கும். மூச்சுத் திணறும். என் மோலிக்கு நடந்தது இதுதான்.

அப்போ வாரிங்டனின் தொட்டியில் அந்த அம்மோனியா எங்கே போச்சு? கொஞ்சத்தைச் செடி எடுத்துக்கிட்டிருக்கும். மீதி வேலையை அடியில் கிடந்த மணலும் சேறும் செய்தது. சரியாச் சொன்னா, அந்தச் சேற்றில் வாழ்ந்த நுண்ணுயிர்கள். அவை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அதை மற்ற நுண்ணுயிர்கள் நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு வரை மீனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய்க்குள் சாக்கடை நீரை மெல்ல ஊற்றிக்கிட்டே இருந்தாங்க. இருபது நாள் ஒன்றுமே நடக்கலை. அதுக்கப்புறம் அம்மோனியா மறைய, நைட்ரேட் வர ஆரம்பிச்சது. வெறும் வேதிவினையா இருந்தா எதுக்கு இருபது நாள் காத்திருக்கணும்? குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டாங்க, வேலை நின்னுடுச்சு. அப்புறம் கொஞ்சம் மண் கரைத்த தண்ணியைச் சேர்த்தாங்க, மறுபடி ஆரம்பிச்சது. உள்ளே ஏதோ உயிர் இருக்குன்னு நிரூபணமாச்சு.

இதைப் படிச்சப்போ நான் லேப்டாப்பை மூடிட்டு காலித் தொட்டியைப் பார்த்தேன். எனக்கு அந்த இருபது நாள் பொறுமை இல்லை. நான் ஒரே நாளில் தொட்டியையும் மீனையும் வாங்கிட்டேன். ஆளே சேராத ஆபீஸ்ல முழு வேலையையும் கொட்டின மாதிரி.

மகன்

இந்த பிரெஞ்சு ஆய்வை இங்கிலாந்தில் உடனே கையில் எடுத்தவர், ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வுப் பண்ணையில் இருந்த ஒரு வேதியியலாளர். வயலுக்குப் போடும் உரத்தில் உள்ள நைட்ரஜன் என்ன ஆகிறது என்பதுதான் அவர் கேள்வி. 1878 முதல் வருஷக்கணக்கில் உழைத்து, இந்த வேலை ரெண்டு கட்டமா நடக்குது, ஒவ்வொரு கட்டத்துக்கும் வேற வேற உயிர்கள் இருக்குன்னு காட்டினார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தங்கமீன் வாரிங்டனின் மகன்!

1838-ல் பிறந்தவர். அப்பா கட்டுரை வாசித்த வருஷம் பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயசு. அப்பாவோட ஆய்வகத்திலேயே வேதியியல் கத்துக்கிட்டவர். அப்பா 1867-ல் இறந்துட்டார். அந்தத் தொட்டி ஏன் உயிரோட இருந்துச்சு என்பதற்கான மீதி விடையை, கோதுமை வயல் மண்ணில் மகன் கண்டுபிடிக்கும்போது அப்பா இல்லை.

மகனுக்கும் ஒரு ஏமாற்றம் உண்டு. அந்த உயிர்களைத் தனியாப் பிரித்தெடுக்க அவரால் முடியலை. அன்றைக்கு எல்லாரும் ஜெலட்டின் மாதிரி சத்துள்ள பொருளில்தான் பாக்டீரியாவை வளர்ப்பாங்க. இவற்றுக்கு அந்தச் சாப்பாடே ஒத்துக்காது. 1890-ல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி, சாப்பாடே இல்லாத வெறும் உப்புக் கரைசலில் வளர்த்துப் பிரித்தெடுத்தார்.

கதை அங்கேயும் முடியலை. 2015-ல், ரெண்டு கட்டத்தையும் ஒரே பாக்டீரியா செய்து முடிக்கும் என்று ரெண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. அதில் ஒரு குழு அந்தப் பாக்டீரியாவை எங்கே பிடிச்சது தெரியுமா? மீன் வளர்ப்புத் தொட்டிகளோட சேர்ந்த ஒரு ஃபில்டரில்.

ரெண்டாவது முயற்சி

இந்த முறை மீன் வாங்கலை. தொட்டியில் தண்ணி நிரப்பி ஃபில்டரை ஓட விட்டேன். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டேன், அழுகி அம்மோனியா வரட்டும்னு. நண்பன் வீட்டுப் பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் கொஞ்சம் வெட்டி வாங்கிவந்து வெச்சேன். பிரெஞ்சுக்காரங்க மண் கரைத்துச் சேர்த்தாங்க இல்ல, அதே வேலைதான். டெஸ்ட் கிட்டில் முதல்ல அம்மோனியா ஏறுச்சு, அப்புறம் நைட்ரைட். ரெண்டும் பூஜ்யத்துக்கு வர அஞ்சு வாரம் ஆச்சு. "வெறும் தண்ணிக்கு ஏண்டா கரண்ட் செலவு பண்றே?"ன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

முதல்ல தொட்டி வைக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீங்க, குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்னுடும். தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலேயே ஒரு பக்கெட்டில் அலசினா போதும். அடுத்து, நம்ம ஊர்ல பலருக்கும் போர் தண்ணிதான், கூடவே வெயில். காரத்தன்மையும் சூடும் கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். அதனால முதல் மாசம் டெஸ்ட் கிட் இல்லாம இருக்காதீங்க.

இப்போ மூணு கப்பி இருக்கு. எட்டு மாசம் ஆச்சு, நல்லா இருக்கு. அந்த நைட்ரேட் சேர்ந்துக்கிட்டே போகும் இல்லையா, அதனால வாராவாரம் கால்வாசித் தண்ணியை மாத்தறேன். ஆமா, அம்மா அன்னைக்குச் சொன்னது சரிதான். அன்னைக்கு அவங்க பேச்சைக் கேட்டு பாதித் தண்ணியை மாத்தியிருந்தா, அம்மோனியாவும் பாதி குறைஞ்சிருக்கும். அந்த மோலி ஒருவேளை பிழைச்சிருக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க முதல் தொட்டி என்ன ஆச்சுன்னு எழுதி அனுப்புங்க. தோத்த கதையா இருந்தாலும் பரவாயில்லை.