பதினாறு சொற்களும் பன்னிரண்டு தொகுதிகளும்

நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘கனெக்சன்ஸ்’ என்னும் சொற்புதிரை அறிமுகப்படுத்தியது. பதினாறு சொற்கள் கட்டம் கட்டமாகத் தரப்படும். அவற்றை நான்கு நான்காக, ஒவ்வொரு நான்குக்கும் ஒரு பொதுப்பண்பு இருக்கும்படி பிரிக்க வேண்டும். நான்காவது பிழையோடு ஆட்டம் முடிந்துவிடும். பிரித்தானியத் தொலைக்காட்சியில் 2008 முதல் ஒளிபரப்பாகும் ‘ஒன்லி கனெக்ட்’ போட்டியிலும் இத்தகைய சுற்று ஒன்று உண்டு. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் பலர் காலைத் தேநீரோடு இப்புதிரை விடுவிக்கிறார்கள்.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் குறுக்கெழுத்துப் போட்டிகளோடு பழகியவன் நான். ஆகவே இப்புதிரை விடுவிக்கும் வழி என்ன என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் அவர்களுக்குச் சொல்லும் விடை ஒன்றுதான்: நிகண்டைப் புரட்டிப் பாருங்கள். சொற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் கலையைத் தமிழர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பயின்று வந்திருக்கிறார்கள்.

நமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளுள் பழமையானது திவாகரம். சேந்தன் என்னும் தலைவனின் ஆதரவில் திவாகரர் இயற்றியதால் இதனைச் ‘சேந்தன் திவாகரம்’ என்றும் அழைப்பர். இன்றைய அகராதிகளைப் போல அகர வரிசையில் அமைந்த நூலன்று இது. சொற்கள் பன்னிரண்டு தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர், பல்பொருட் பெயர், செயற்கை வடிவப் பெயர், பண்பு பற்றிய பெயர், செயல் பற்றிய பெயர், ஒலி பற்றிய பெயர் என்பன முதற் பத்துத் தொகுதிகள். ஒரு பொருளுக்கு எத்தனை பெயர்கள் உண்டோ அத்தனையும் ஓரிடத்தில் திரட்டப்பட்டிருக்கும்.

நம் புதிருக்குப் பெரிதும் உதவுபவை எஞ்சிய இரண்டு தொகுதிகளேயாகும். பதினோராவது, ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி’. ‘மா’ என்ற ஓரெழுத்தே மாமரமாகவும் குதிரையாகவும் விலங்காகவும் நில அளவாகவும் நிற்பதைப் போன்ற சொற்களுக்குரிய இடம் அது. பன்னிரண்டாவது, ‘பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி’. பல பொருள்கள் கூடி ஒரு பெயர் பெறும் வகை இது. தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய நான்கும் சேர்ந்தால் நாற்படை. அறம், பொருள், இன்பம், வீடு என்பன சேர்ந்தால் உறுதிப்பொருள் நான்கு. புதிர் அமைப்பவருக்குப் பதினோராம் தொகுதி பொறி வைக்கும் இடமென்றால், பன்னிரண்டாம் தொகுதி விடை இருக்கும் இடம்.

பதினாறாம் நூற்றாண்டில் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டும் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. விருத்தப்பாவில் அமைந்ததால் மனனம் செய்ய எளிதாக இருந்தது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் திண்ணைப் பள்ளி மாணவர்கள் இதனை மனப்பாடம் செய்தார்கள். நல்லூர் ஆறுமுக நாவலர் இதனை உரையோடு அச்சிட்டார். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்தது. அவற்றுள் ‘தொகை’ என்ற பகுதி முழுவதும் இத்தகைய கூட்டப் பெயர்களுக்கே ஒதுக்கப்பட்டது. அகர வரிசை அகராதி வந்த பின்பும் கூட்டங்களை விட்டுவிட நம் புலவர்களுக்கு மனம் வரவில்லை என்பதற்கு இதுவே சான்று.

இனி, விடுவிக்கும் முறைக்கு வருவோம். எங்கள் ஊவா மாகாணத்து மண்ணிலிருந்தே ஒரு புதிர் அமைத்துத் தருகிறேன். வாசகர்கள் மேலே படிக்குமுன் சற்று நின்று முயன்று பார்க்கலாம்.

பதுளை, தாளம், துண்டு, கொழுந்து,
சேலை, வெலிமடை, லயம், பல்லவி,
கங்காணி, சுருதி, பண்டாரவளை, வேட்டி,
சால்வை, பெரட்டு, ராகம், அப்புத்தளை.

முதல் விதி: கண்ணில் பட்ட நான்கை உடனே எடுத்துவிடாதீர்கள். ஒரு கூட்டத்திற்கு ஐந்து சொற்கள் பொருந்துமானால் அங்கே பொறி இருக்கிறது என்று கொள்ளுங்கள். சுருதி, தாளம், ராகம், பல்லவி, லயம் என இசைக்கு ஐந்து சொற்கள் உள்ளன. கொழுந்து, கங்காணி, பெரட்டு, லயம், துண்டு எனத் தேயிலைத் தோட்டத்திற்கும் ஐந்து. மலையகத்தில் வாழாதவர்களுக்கு ஒரு சொல்: பெரட்டு என்பது காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. லயம் என்பது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடு. ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கள் நாவில் லயமாகிப் போனது.

இரண்டாம் விதி: சரியாக நான்கே சொற்கள் உள்ள கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஆடைக்கு வேட்டி, சேலை, சால்வை என மூன்றே உள்ளன. துண்டு சேர்ந்தால்தான் நான்காகும். எனவே துண்டு ஆடைக்குப் போகிறது. அது போனதும் தோட்டத்திற்கு லயம் இன்றியமையாததாகிறது. லயம் போனதும் இசை தானாக நான்காகி விடுகிறது. ஐயத்துக்குரிய சொல்லை அதன் பொருளைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. அது இல்லாமல் எந்தக் கூட்டம் நிறைவடையாது என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாம் விதி: சொல்லின் பொருளில் ஒற்றுமை புலப்படாவிட்டால் அதன் எழுத்துகளைப் பாருங்கள். நான் தந்த நான்கு ஊர்களும் ஊவா மாகாணத்தவை என்பது மேலோட்டமான விடை. ஆனால் பதுளைக்குள் ‘துளை’யும், பண்டாரவளைக்குள் ‘வளை’யும், அப்புத்தளைக்குள் ‘தளை’யும், வெலிமடைக்குள் ‘மடை’யும் இருப்பதைக் கவனித்தீர்களா? இவை சிங்கள ஊர்ப்பெயர்களின் தமிழ் ஒலிப்பு. அவற்றுக்குள் தமிழ்ச் சொற்கள் தற்செயலாக ஒளிந்திருக்கின்றன. ஐந்தாவது ஊராகப் பசறையையும் சேர்த்திருந்தால், இந்த ஒற்றுமையைக் கண்டவரே அதனை விலக்கியிருப்பார். கனெக்சன்ஸ் புதிரில் ஊதா நிறம் பெறும் கடினமான கூட்டம் பெரும்பாலும் இத்தகையதே.

நான்காம் விதி: எதுவும் தோன்றாதபோது திவாகரரின் பத்துத் தலைப்புகளையும் வரிசையாக மனத்தில் ஓட்டுங்கள். இது மரமா, இடமா, பண்பா, செயலா, ஒலியா என்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டால், அது ஒளித்து வைத்திருக்கும் இரண்டாவது முகம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

புதிரில் ‘துண்டு’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே வைத்தேன். ஆடை என்று அதனை ஒதுக்கியது ஆட்டத்தின் விதிக்காக. தோட்ட வரலாற்றில் அதன் பொருள் வேறு. தொழிலாளர் குழுவின் கடன் எவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அச்சீட்டைக் கொண்டு கங்காணி அவர்களை வேறு தோட்டத்திற்குக் கொண்டு செல்வார். கடனும் கூடவே செல்லும். 1921இல் சட்டத்தின் மூலம் இம்முறை ஒழிக்கப்பட்டது. தோளில் கிடக்கும் துணிக்கும், மனிதரைக் கடனோடு கட்டிய சீட்டுக்கும் ஒரே பெயர். பதினோராம் தொகுதியில் இடம்பெறத்தக்க சொல்லன்றோ இது?

சொற்களைப் பிரிப்பது போல மனிதரையும் பிரித்த வரலாறு எங்களுக்கு உண்டு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்ற இரு கூட்டங்கள் தனித்தனியே கணக்கிடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவழிக்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்தவர்கள் பலரிடம் அதற்கான ஆவணம் இருக்கவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டார்கள். மீதி 1,50,000 பேர் எந்தக் கூட்டத்திலும் சேராமல் கட்டத்தில் நின்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல், அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொண்டன. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

புதிரில் எஞ்சும் கடைசி நான்கு சொற்கள் தாமாகவே ஒரு கூட்டமாகிவிடும். அவற்றை எவரும் கேட்க வேண்டியதில்லை. மனிதர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்தால் கூட்டம் சரியாகிவிடும் என்று இரு தலைநகரங்களிலும் கருதினார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி மறு பட்டியலிலும் இடம்பெற்று, ஒருவர் இராமானுஜம் கப்பலேறியதும் மற்றவர் இங்கேயே கொழுந்து பறித்ததும் அதன் விளைவு. ‘மலையகத் தமிழர்’ என்று நாங்கள் எங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர், எவரோ பிரித்துத் தந்த கூட்டத்தின் பெயரன்று. நாங்களே கூடிச் சூட்டிக்கொண்டது.

வாசகர்கள் தத்தம் ஊர்ச் சொற்களைக் கொண்டு இத்தகைய புதிர்களை அமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். ரொறன்ரோவில் வளரும் பேரப்பிள்ளை பெரட்டு, லயம், துண்டு என்ற சொற்களை முதலில் ஒரு புதிரில் சந்திக்கட்டும். அவை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்று அப்பிள்ளை கேட்கும்போது, சொல்வதற்கு நம்மிடம் வரலாறு இருக்கிறது.