நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கமும் ஊழியரின் உரிமையும்: ஜெர்மனியின் அனுபவம்

ஒரு நிறுவனம் சமூக ஊடகத்தில் தனக்கெனப் பக்கம் ஒன்றைத் தொடங்குவது நிர்வாகம் மட்டுமே முடிவு செய்யும் விடயமா, அல்லது அங்கு பணிபுரிவோருக்கும் அதில் உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி முக்கியமானதொரு விடையை அளித்தது.

வழக்கின் பின்னணி

ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சார்ந்த இரத்ததான சேவை அமைப்பு ஒன்று, 2013 ஏப்ரலில் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றைத் தொடங்கியது. இரத்தம் வழங்குவோருடன் தொடர்பைப் பேணுவது அதன் நோக்கம். ஆனால் பார்வையாளர்கள் தமது கருத்துகளை நேரடியாகப் பதியவும் அந்தப் பக்கம் இடமளித்தது. ஊசி ஏற்றப்பட்ட விதத்தைக் குறைகூறும் பதிவுகளும் விரைவில் அங்கே தோன்றின.

இரத்ததான முகாம்களில் பணியாற்றுவோர் சிறு குழுவினரே. எனவே எந்த ஊரில், எந்த நாளில் என்ற விபரம் பதிவில் இருந்தால், குறைகூறப்பட்டவர் யார் என்பதைப் பணி அட்டவணையைக் கொண்டு நிர்வாகம் கண்டறிந்துவிட முடியும். அதேவேளை, அந்தப் பதிவை உலகெங்கும் உள்ளவர்கள் படிக்கலாம். தமது தரப்பை விளக்கும் வாய்ப்பு ஊழியருக்கு இருக்காது. இதனை எதிர்த்து ஊழியர் மன்றம் நீதிமன்றத்தை நாடியது.

சட்டம் கூறுவது என்ன?

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நிரந்தர ஊழியர்களைக் கொண்ட பணியிடங்களில் ஊழியர் மன்றம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஜெர்மனியச் சட்டம் இடமளிக்கிறது. இது தொழிற்சங்கத்திலிருந்து வேறுபட்டது. தொழிற்சங்கத்தில் சேராத ஊழியர்களும் இதில் வாக்களிப்பார்கள்.

1972ஆம் ஆண்டின் தொழிலக அமைப்புச் சட்டத்தின் 87ஆவது பிரிவு, ஊழியர்களின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் தொழில்நுட்பக் கருவிகளை மன்றத்தின் ஒப்புதலின்றிப் புகுத்த முடியாது என்கிறது. இணக்கம் ஏற்படாவிட்டால், இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் இடம்பெறும், நடுநிலையான தலைவரைக் கொண்ட இணக்கக் குழு முடிவெடுக்கும்.

கண்காணிக்கும் நோக்கம் நிர்வாகத்துக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. கண்காணிக்கும் திறன் கருவிக்கு இருந்தாலே போதும் என்பது நீதிமன்றங்கள் நீண்டகாலமாகக் கடைப்பிடித்துவரும் விளக்கம். 'எமது நோக்கம் நல்லது' என்ற உறுதிமொழி மட்டும் போதாது என்பதே இதன் பொருள்.

தீர்ப்பும் அதன் எல்லையும்

பார்வையாளர் தாமாக எழுதுவதை, கருவி தானாகத் திரட்டும் தகவலாகக் கருத முடியாது எனக் கூறி, டுசல்டோர்ஃப் மாநிலத் தொழிலாளர் நீதிமன்றம் 2015இல் ஊழியர் மன்றத்தின் கோரிக்கையை நிராகரித்திருந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் இதனை ஓரளவு மாற்றியது. பக்கத்தை முற்றாக மூட வேண்டியதில்லை. ஆனால் பார்வையாளரின் பதிவுகளை நேரடியாக வெளியிடும் வசதியை வழங்குவதற்கு மன்றத்தின் ஒப்புதல் அவசியம் என அது தீர்ப்பளித்தது.

அதாவது புதிய ஊடகம் தடுக்கப்படவில்லை. அதன் எந்த வசதி ஊழியரைப் பாதிக்கிறது என்பது தனியாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது. புகார்களை யார் படிப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது, அவற்றைக் கொண்டு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாமா என்பவை முன்கூட்டியே பேசித் தீர்க்கப்பட வேண்டியவை ஆயின.

செயற்கை நுண்ணறிவின் சவால்

இந்த ஏற்பாட்டுக்கு வரம்புகளும் உண்டு. 2024 ஜனவரியில் ஹாம்பர்க் தொழிலாளர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், சாட்ஜிபிடி போன்ற செயலிகளை ஊழியர்கள் பணிக்குப் பயன்படுத்த ஒரு நிறுவனம் அனுமதி வழங்கியிருந்தது. அதனை நிறுத்துமாறு ஊழியர் மன்றம் கோரியபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஊழியர்கள் தமது சொந்தக் கணக்குகள் வழியாக அவற்றைப் பயன்படுத்தியதால், அங்கு பதிவாகும் தகவல்கள் நிறுவனத்தின் கைக்கு எட்டவில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட முக்கிய காரணம். நிறுவனமே கணக்குகளை வழங்கிப் பதிவுகளைப் பார்வையிடும் நிலை இருந்தால், கேள்வி மீண்டும் எழும்.

இத்தகைய தொழில்நுட்பங்களை மதிப்பிடும் அறிவு ஊழியர் பிரதிநிதிகளுக்கு இருக்குமா என்ற ஐயம் நியாயமானதே. அதனைக் கருத்தில் கொண்டு 2021ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. செயற்கை நுண்ணறிவு குறித்து மதிப்பிட வேண்டிய நேரங்களில் ஊழியர் மன்றம் நிபுணர் ஒருவரின் உதவியைப் பெறலாம். அதற்கான செலவை நிறுவனமே ஏற்க வேண்டும்.

புலம்பெயர்ந்தோருக்கும் உரிய உரிமை

ஜெர்மனியில் பணிபுரியும் தமிழர்கள் இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவை. ஊழியர் மன்றத் தேர்தலுக்கு அது தேவையில்லை; வெளிநாட்டுக் குடியுரிமை உடைய ஊழியர்களும் வாக்களிக்கலாம், போட்டியிடலாம். ஆனால் மன்றம் தானாக உருவாவதில்லை. ஊழியர்கள் முன்வந்து தேர்தல் நடத்தாத இடத்தில், 87ஆவது பிரிவு வழங்கும் ஒப்புதல் உரிமையைப் பயன்படுத்துவதற்கு எவரும் இருக்க மாட்டார்கள்.