வயதோடு இறங்காத கோடு: திண்டுக்கல் தரவுகளும் எச்.பி.வி. தொற்றும்

எச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் தொற்றைப் பற்றி மருத்துவப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. பாலுறவு தொடங்கிய சில ஆண்டுகளில் தொற்று உச்சத்தைத் தொடும். பெரும்பாலான பெண்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் எதிர்ப்பாற்றலே அதை அடக்கிவிடும். முப்பதைத் தாண்டியபின் எஞ்சுவது சிலரிடம் நீடிக்கும் தொற்று, கருப்பைவாய்ப் புற்றுநோய் அதிலிருந்தே பிறக்கிறது. தனியொரு தொற்றின் போக்காக இது சரி. ஒரு சமூகத்துப் பெண்கள் அனைவரின் வயதுக் கோடும் இதே வடிவில்தான் இருக்கும் என்று கொள்வது தவறு. அந்தக் கோட்டை வரைவதில் உடலியலைவிடத் திருமண வழக்கத்துக்கும் ஆண்களின் நடத்தைக்கும் தலைமுறை வரலாற்றுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதே என் வாதம்.

லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பல நாடுகளில் ஒரே முறையில் நடத்திய கணக்கெடுப்புகள் 2005இல் தொகுத்து வெளியாயின. 11 நாடுகளில், செல் பரிசோதனையில் மாற்றம் எதுவும் தென்படாத 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம், தொற்று ஸ்பெயினில் 1.4 சதவீதமாகவும் நைஜீரியாவில் 25.6 சதவீதமாகவும் இருந்தது. ஒரே நாடான வியட்நாமிலும் ஹனோயைவிட ஹோ சி மின் நகரில் தொற்று பல மடங்கு அதிகம். அளவைப் போலவே வடிவமும் மாறுகிறது. மெக்சிகோவின் மோரெலோஸ் மாநிலத்தில் 25 வயதுக்குட்பட்டோரிடம் 16.7 சதவீதமாக இருந்த தொற்று 35–44 வயதில் 3.7ஆக இறங்கி, 65ஐக் கடந்தவர்களிடம் 23 சதவீதமாக ஏறியது. கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டேயிலும் முதுமையில் இரண்டாம் உச்சம் காணப்பட்டது.

திண்டுக்கல் மாவட்டத்துக் கோடு இவை எதிலும் அடங்கவில்லை. அம்பிளிக்கை சமுதாய சுகாதார மையத்தின் துணையோடு 16 முதல் 59 வயது வரையான 1,891 மணமான பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது. மொத்தத் தொற்று 16.9 சதவீதம்; கருப்பைவாயில் மாற்றம் இல்லாதவர்களிடம் 14 சதவீதம். முக்கியமான முடிவு இதன் பிறகுதான் வருகிறது: எல்லா வயதுப் பிரிவிலும் தொற்று ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களைவிட உயர்நிலைப் பள்ளி வரை படித்தவர்களிடம் அது தெளிவாகக் குறைந்திருந்தது. நைஜீரியாவின் இபாதானிலும் நடுவயதிலும் முதுமையிலும் தொற்று குறையவில்லை.

மணமாகாதவர்களைச் சேர்க்காததால்தான் இளவயது உச்சம் மறைந்தது என்று ஒருவர் மறுக்கலாம். இந்த மறுப்பு நிற்காது. பாலுறவு அனுபவம் இல்லாத இளம்பெண்களைச் சேர்த்திருந்தால் இளவயதின் விகிதம் இன்னும் இறங்கியிருக்கும். தட்டையான கோடு வயதோடு ஏறும் கோடாகக்கூட ஆகியிருக்கும்.

ஒரு வயதில் காணப்படும் தொற்று விகிதம் இரண்டின் விளைவு: புதிதாகத் தொற்றும் வேகம், தொற்றியது தங்கும் காலம். திண்டுக்கல் கோடு தட்டையாக இருப்பதற்குப் புதிய தொற்றுகள் மணவாழ்வு முழுக்க வந்துகொண்டே இருப்பது காரணமாகலாம். வாழ்நாளில் ஒரே துணை கொண்ட பெண்கள் பெரும்பான்மையாக உள்ள சமூகத்தில் அதற்குக் கணவர் வழியன்றி வேறு வழி அரிது. இதைச் சொல்லத் தயங்குவதால்தான் நோயின் களங்கம் இன்றும் பெண்ணின் தலையில் விழுகிறது. அல்லது தொற்று எளிதில் விலகாமல் தங்குவதும், அடங்கிக் கிடந்தது எதிர்ப்பாற்றல் தளரும்போது மீண்டும் தலைதூக்குவதும் காரணமாகலாம். இரண்டாவதே உண்மையானால் புற்றுநோய் அபாயம் கூடுதல். ஒரே ஒரு தடவை எடுத்த மாதிரியைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே ஆண்டில் பரிசோதிக்கப்படும் 25 வயதுப் பெண்ணும் 55 வயதுப் பெண்ணும் வேறு வேறு காலங்களில் வளர்ந்தவர்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் பட்டி கிராவிட் குழு செய்த ஆய்வு, மூத்த பெண்களிடம் தொற்று குறைவாகத் தெரிவதற்கு வயது மட்டுமே காரணமல்ல, அவர்கள் தலைமுறைக்கு வாழ்நாள் துணைவர் எண்ணிக்கை குறைவாக இருந்ததும் ஒரு காரணம் என்று காட்டியது. வயது இறக்கியதாக நாம் நினைத்த கோட்டில் ஒரு பகுதியை இறக்கியது வரலாறு. தடுப்பூசியும் இப்போது அதே வேலையைச் செய்கிறது. 2007இல் திட்டம் தொடங்கிய ஆஸ்திரேலியாவில் 18–24 வயதுப் பெண்களிடம் தடுப்பூசி குறிவைத்த வகைகளின் தொற்று 22.7 சதவீதத்திலிருந்து 2015க்குள் 1.5ஆக விழுந்தது. அங்கே அந்த வகைகளின் இளவயது உச்சமே கரைந்துவிட்டது.

பரிசோதனைத் திட்டங்களை வகுப்பவர்களுக்கு இது வெறும் வரைபட விவாதமல்ல. பொதுப் பெண்களுக்கான எச்.பி.வி. பரிசோதனையை 30 வயதில் தொடங்கி, தொடர்ந்து தொற்றில்லை எனத் தெரிந்தவர்களுக்கு 50க்குப் பின் நிறுத்தலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். கோடு இறங்காத ஊரில், ஒருமுறைகூடப் பரிசோதிக்கப்படாத ஐம்பது வயதுப் பெண்ணைப் பட்டியலிலிருந்து நீக்க இந்த விதியை யாரும் காரணம் காட்டக்கூடாது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாதில் 30–59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு சுற்று எச்.பி.வி. பரிசோதனை செய்தபோதே கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எல்லா வயதிலும் தொற்று அதிகமுள்ள இடத்தில் மேற்சோதனைக்கு வருவோர் எண்ணிக்கையும் பெருகும். அதற்கேற்ற செவிலியரும் சிகிச்சை வசதியும் முதலிலேயே கணக்கில் வரவேண்டும்.

திண்டுக்கல் ஆய்வு 2005இல் வெளியானது. அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர்கள் இன்று நாற்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அதே ஊர்களில், அதே முறையில், இயன்றவரை அதே பெண்களிடம் மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும். முன்பு கண்ட வைரஸ் வகையே இன்றும் இருக்கிறதா, வேறு வகை வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டால், தங்கிய தொற்றையும் புதிய தொற்றையும் பிரிக்கும் வேலையைத் தொடங்கிவிடலாம்.