பாறைக்குள் ஒரு வானவில்

ரத்தினங்களில் ஓபலைப் போலப் பிடிவாதம் கொண்டது வேறில்லை என்பேன். வைரத்தைக் கணக்குப் போட்டுப் பட்டை தீட்டலாம். ஆஸ்திரேலியாவில், க்வீன்ஸ்லாந்தின் வறண்ட பூமியில் அகப்படும் பாறை ஓபலோ கணக்குக்கு அடங்காது. இரும்புச் சத்து மிகுந்த பழுப்புக் கல்லின் வெடிப்பில் மெல்லிய கீற்றாக, மேடும் பள்ளமுமாக வளைந்து ஓடும். அந்தக் கீற்றுதான் சொத்து.

1888-ஆம் வருஷக் கடைசியில், அங்கே கோடை கொளுத்தும் காலத்தில், அடிலெய்டிலிருந்து துல்லி வொல்லாஸ்டன் என்பவர் அதைத் தேடிப் போனார். மறு வருஷம் கற்களை லண்டனுக்குக் கொண்டு சென்றார். ஹங்கேரியின் வெளிறிய ஓபலையே கண்டு பழகிய வியாபாரிகள் இந்த ஜொலிப்பை நம்பத் தயங்கினார்கள்.

சந்தை கிடக்கட்டும், தட்டையான சாணைக்கும் இந்தக் கல் இணங்குவதில்லை. மேட்டிலுள்ள வர்ணம் தேய்ந்து, அடியிலுள்ள பாறை தலைகாட்டிவிடும். 1935-இல் அமெரிக்காவின் டிரெமல் கம்பெனி கைக்கடக்கமான சுழல் யந்திரத்தை விற்கத் தொடங்கியது. அந்த ஜாதி யந்திரத்தில் வைரத்தூள் பதித்த சிறு முனையை மாட்டினால், கீற்று போகும் வழியே கையும் போகலாம். தண்ணீர் மட்டும் ஓயக்கூடாது. சூடேறினால் ஓபல் வெடிக்கும். உலர்ந்த தூசி நுரையீரலைக் கெடுக்கும். முடிவில் கம்பளி முனையில் சீரியம் ஆக்ஸைடைக் குழைத்துத் தேய்த்தால் மெருகு ஏறும்.

1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நுண்ணிய சிலிகா உருண்டைகளின் ஒழுங்கான அடுக்கே அந்த வர்ணங்களுக்குக் காரணம் என்று கண்டார்கள். வர்ணத்தின் ரகசியம் தெரிந்துவிட்டது. கையை எப்போது எடுப்பது என்பதை மட்டும் எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. ஒரு சுற்று அதிகமானால், வானவில் தண்ணீரோடு போய்விடும்.