சிக்காகோவும் காட்டு உள்ளியும்

ஊர்ப் பெயர்களின் வரலாற்றை ஆராய்வோர் பழைய ஏடுகளையும் பட்டயங்களையும் புரட்டுவதே வழக்கம். ஆனால், ஒரு மாநகரின் பெயர் எவ்வாறு பிறந்தது என்னும் வழக்கு, ஏட்டினால் மட்டும் தீராமல், காட்டுப் பூண்டு ஒன்றின் இலையைப் பார்த்த பின்னரே தெளிவடைந்தது. அம்மாநகர் அமெரிக்காவின் சிக்காகோ.

மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் அமைந்துள்ள இந்நகரம், 1833ஆம் ஆண்டில் சிற்றூராகவும் 1837ஆம் ஆண்டில் நகராகவும் சட்டப்படி நிறுவப்பட்டது. பெயரோ அதனினும் பழையது. அந்நிலத்தின் ஆதிக்குடிகள் வழங்கிய சொல்லைப் பிரெஞ்சுக்காரர் தம் நாவுக்கு ஏற்பத் திரித்து எழுதினர். அவ்வாறு திரிந்த உருவமே இன்று நிலைத்திருக்கிறது. அச்சொல்லுக்குப் பொருள் யாது? தலைவன் ஒருவனின் பெயர் என்றனர் சிலர். துர்நாற்றம் வீசும் ஸ்கங்க் என்னும் சிறு விலங்கின் பெயர் என்றனர் வேறு சிலர். காட்டு வெங்காயம் என்றனர் மற்றையோர். காட்டு வெங்காயம் என்று கொண்டாலும் வினா முற்றுப்பெறவில்லை. அந்நாட்டில் காட்டு வெங்காயம் ஒன்றன்று, பல.

வெங்காயமும் உள்ளியும் அடங்கிய அல்லியம் என்னும் தாவரச் சாதியில் 900க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சிக்காகோ வட்டாரத்தில் இயல்பாக வளர்வனவற்றுள் மூன்று இங்கே கருதத்தக்கவை.

முதலாவது தலைசாய்ந்த வெங்காயம். இதன் இலைகள் புல்லைப்போல் ஒடுங்கியவை. கோடை நடுவில் பூக்கும்போதும் இலைகள் பசுமையாகவே இருக்கும். பூந்தண்டு உச்சியில் வளைந்து, இளஞ்சிவப்பு அல்லது வெண்ணிறப் பூங்கொத்து நிலத்தை நோக்கித் தொங்கும். அப்பணிந்த தோற்றமே இதற்குப் பெயர் தந்தது. வெயில் படும் புல்வெளிகளும் மரங்கள் செறியாத திறந்த இடங்களும் இதன் இருப்பிடம்.

இரண்டாவது கனடா வெங்காயம். இதற்கும் இலை ஒடுக்கமே. ஆயினும் தண்டு நிமிர்ந்து நிற்கும். குமிழின் மேற்றோல் வலை பின்னியது போன்ற நார்களால் ஆனது. பூங்கொத்தில் பூக்களுக்குப் பதிலாகவோ பூக்களுடன் கலந்தோ சிறு குமிழ்கள் தோன்றும். அவை நிலத்தில் விழுந்து புதுச் செடிகளாகும்.

மூன்றாவது, ராம்ப் என ஆங்கிலத்தில் வழங்குவது. ஏனைய இரண்டினின்றும் இது முற்றும் வேறுபட்டது. இதன் இலைகள் இரண்டு அல்லது மூன்று. அவை தட்டையாக, பல விரல் அகலத்திற்கு விரிந்தவை. மேப்பிள் முதலிய மரங்கள் செறிந்த ஈரக் காட்டில், மரங்கள் தளிர்த்து நிழல் பரப்புமுன், இளவேனிலின் தொடக்கத்திலேயே இவ்விலைகள் வெளிவரும். கோடை பிறந்ததும் அவை வாடி மறையும். அதன் பின்னரே இலையற்ற தனித்தண்டில் வெண்பூக்கள் மலரும். பழம் முப்பிரிவானது, ஒவ்வொரு பிரிவிலும் பளபளக்கும் கரிய வித்து ஒன்று இருக்கும். இதனாலேயே, 1789ஆம் ஆண்டில் இதற்குத் தாவரவியற் பெயர் சூட்டிய கியூ பூங்காவின் வில்லியம் எயிற்றன், மூன்று வித்து என்னும் பொருள்பட அல்லியம் திரிகொக்கம் எனப் பெயரிட்டார்.

இம்மூன்றனுள் எது சிக்காகோவுக்குப் பெயர் தந்தது? நெடுங்காலம் தலைசாய்ந்த வெங்காயமே என்று கருதப்பட்டு வந்தது. அக்கருத்தை மறுக்கும் சான்று, 17ஆம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற ஒரு பயணியின் குறிப்பில் இருந்தது.

அப்பயணி அன்றி ஜூத்தெல் என்னும் பிரெஞ்சுக்காரர். லா சால் என்னும் புகழ்பெற்ற நாடாய்வாளரின் கடைசிப் பயணத்தில் உடன் சென்றவர். 1687ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இன்றைய டெக்சாஸ் நிலத்தில், லா சால் தம் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். எஞ்சிய சிலர் பெருந்தொலைவு வடக்கே நடந்து இலினோய் ஆற்றங்கரைக் கோட்டையை அடைந்தனர். அவர்களுள் ஜூத்தெலும் ஒருவர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் சிக்காகோ சென்றார். ஏரியின் கொந்தளிப்பால் மேலே செல்ல இயலாது கோட்டைக்குத் திரும்பினார். 1688ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் மீண்டும் அங்கே வந்து, காற்று அடங்கும்வரை காத்திருந்தார்.

தாம் அறிந்த அளவில், அவ்விடத்துக் காடுகளில் உள்ளி மிகுதியாக வளர்வதால் அதற்கு அப்பெயர் வந்தது என அவர் எழுதிவைத்தார். இளவேனிலில் அங்கே தங்கியபோது, மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்ததையும், தம் நாட்டு உள்ளியிலும் காரம் குறைந்த ஒருவகை உள்ளி காட்டில் கிடைத்ததையும், அதனுடன் தம் நாட்டு வெங்காயத்தின் சுவையை ஒத்த சிறு வெங்காயங்கள் கிடைத்ததையும் குறித்தார்.

இக்குறிப்பில் மூன்று செய்திகள் உள்ளன. உள்ளியையும் வெங்காயத்தையும் அவர் ஒன்றாகக் கொள்ளவில்லை. இரண்டையும் உண்டு பார்த்து வேறு பிரித்தார். பெயருக்குக் காரணமாக அவர் சொன்னது வெங்காயத்தை அன்று, உள்ளியை. அது வளர்ந்த இடம் புல்வெளி அன்று, காடு. ஒடுங்கிய இலையுடன் திறந்த வெளியை நாடும் தலைசாய்ந்த வெங்காயம் இதற்குப் பொருந்தாது. மேப்பிள் நிழலில் வாழும் அகன்ற இலைப் பூண்டே பொருந்துகிறது. கனடாவின் பிரெஞ்சு மொழியினர் அதனை இன்றும் காட்டு உள்ளி என்றே அழைப்பது இதனை மேலும் வலியுறுத்துகிறது. காலமும் ஒத்து வருகிறது. செப்டெம்பரில் அதன் இலைகள் நிலத்தின்மேல் இரா. மார்ச் இறுதியிலோ அவை முளைத்தெழும் பருவம் தொடங்கிவிடும்.

ஜோன் சுவென்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இச்சான்றுகளைத் தொகுத்து 1991ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டு, காட்டு உள்ளியே பெயருக்குக் காரணம் என நிறுவினார். மொழியியலும் இதற்குத் துணை நின்றது. பிரெஞ்சுப் பாதிரிமார் தொகுத்த அகராதிகள் வாயிலாக அறியப்படும் மயாமி–இலினோய் மொழியில், ஸ்கங்க் விலங்கையும் இப்பூண்டையும் ஒரே சொல் குறித்தது. இரண்டிற்கும் பொது அவற்றின் கடுநாற்றமே. ஆகவே விலங்கு என்றவரும் பூண்டு என்றவரும் சொல்லின் பொருளில் முற்றிலும் தவறவில்லை. ஊருக்குப் பெயர் வந்த காரணத்திலேயே வேறுபட்டனர்.

பூண்டுகளை இனம் பிரித்தறிதல் ஆதிக்குடிகளுக்குப் பெயராராய்ச்சி அன்று, உயிர்ப் பிரச்சினை. வெங்காயத்தைப்போல் குமிழும் ஒடுங்கிய இலையும் உடைய சாவுக் கமாஸ் என்னும் செடி நஞ்சுடையது. அகன்ற இலையுடைய பள்ளத்தாக்கு லில்லியும் நஞ்சே. இலையைக் கசக்கினால் உள்ளியின் மணம் எழாத செடியை உண்ணலாகாது. அம்மணமும் ஒருமுறை கையிற் பற்றினால் எளிதில் அகலாது. உள்ளி பறித்த கையால் நஞ்சுச் செடியைக் கசக்கினும் அதுவும் உள்ளியாகவே மணக்கும். ஆதலால் மூக்குடன் கண்ணும் விழித்திருத்தல் வேண்டும். இலையின் அகலம், குமிழின் தோல், பூவின் நிலை, வளரும் நிலம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

அவ்வறிவை உடைய மக்கள் அந்நிலத்தில் நிலைக்கவில்லை. இலினோய்க் குடிகள் மேற்குத் திசைக்குத் தள்ளப்பட்டனர். 1833ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையால் பொட்டவாட்டமி மக்களும் தம் நிலத்தை இழந்தனர். அவர்கள் போன பின் அவர்களுடைய சொல் ஊர்ப் பெயராக எஞ்சியது. அதன் பொருளோ மங்கியது.

பூண்டுக்கும் இடர் நேர்ந்துள்ளது. வித்து முளைத்துப் பூக்கும் பருவத்தை எய்த இதற்குப் பல ஆண்டுகள் செல்லும். சுவைக்காகக் குமிழோடு பிடுங்குவதால் காடுகளில் இது அருகிவர, கனடாவின் கியூபெக் மாகாணம் 1995ஆம் ஆண்டில் இதன் விற்பனையைத் தடைசெய்தது.

ஆதிக்குடிகள் இட்ட பெயரின் பொருளை மீட்டுத் தந்தது, பசித்த பயணி ஒருவர் தாம் உண்டதை உண்டவாறே எழுதிவைத்த நேர்மை. உள்ளியை உள்ளி என்றும் வெங்காயத்தை வெங்காயம் என்றும் அவர் வேறு பிரித்து எழுதாதிருந்தால், அந்நிலத்து மக்கள் எப்பூண்டைக் கண்டு அப்பெயரை இட்டனர் என்பது மறைந்தே போயிருக்கும்.