வீதி போன பின் சிற்றில்

ஆண்டாள் காலத்துச் சிறுமிகள் சிற்றில் என்கிற மணல்வீடு கட்ட என்னென்ன வைத்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். வட்ட வாயுள்ள தூதை என்கிற சின்னப் பானை, சுளகு, மணல். அவள் பாடிய நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுக்க, அந்த வீட்டைக் கலைக்காதே என்று கண்ணனிடம் முறையிடும் பாட்டுதான். வெள்ளை மணலைப் பொடியாகத் தெள்ளி, முதுகு நோக உட்கார்ந்து, வீதியிலேயே இழைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் கலித்தொகையில், கபிலர் பாட்டில் ஒரு பையன் தெருவில் சிற்றிலைக் காலால் சிதைத்துவிட்டு ஓடுகிறான். பின்னால் ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கென்றே ஒரு பருவம் ஒதுக்கினார்கள்.

இந்தப் பாட்டுகளுக்குப் பக்தியாகவும் காதலாகவும் பொருள் சொன்னவர்கள் நிறையப் பேர். பால்வாடியில் வேலை பார்த்த எனக்கு அந்தச் சுளகுதான் கண்ணில் படுகிறது. அரிசி புடைக்கிற சாமான் பிள்ளைகள் கைக்கு வந்து, கல்லையும் கப்பியையும் ஒதுக்கிக் கொடுக்கிறது. பிள்ளைகள் அளவுக்கு மேசை நாற்காலி வேண்டும் என்று கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் செய்து காட்டினார்; 1939-இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நம் வீதியில் அந்தத் தூதை அதற்கு எத்தனையோ காலம் முன்பே சின்னதாகத்தான் இருந்திருக்கிறது. ஆட்டம் முடிந்தால் மணல் மணலோடு சேர்ந்துவிடும். அள்ளிக் கொட்டக் குப்பை இருக்காது.

எங்கள் ஊரான நூம்பலில் இப்போது தெருவெல்லாம் சிமென்ட். மணலை லோடு கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். அன்றைக்கு வீடு தெருவோடு கிடக்கும், சாமான் மட்டும் கூட வரும். இன்றைக்கு வீட்டையே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் பிள்ளைகள் விளையாட மடக்கு வீடு செய்தோம்.

நாலு மூங்கில் தட்டி. ஆணி கிடையாது, மூலைக்கு மூலை தென்னங்கயிற்று முடிச்சுதான் கீல். ஒரு மூலையை அவிழ்த்தால் நாலு தட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். எந்த மரத்தடிக்கும் கொண்டுபோகலாம். கூரைக்குக் கீற்று. பச்சை மட்டையை நடுவில் இரண்டாகப் பிளந்து, ஊறப்போட்டு, ஓர் இலை விட்டு ஓர் இலையாக மடித்து முடைய வேண்டும். சரியாக ஊறாத ஓலை மடிக்கும்போதே கிழியும். இதை விரலால் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு ஓலையைப் பற்றித் தனியாகப் பாடம் வேண்டாம்.

2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கடையில் விற்கும் விளையாட்டு வீடோ பெரும்பாலும் பிளாஸ்டிக். அது வெயிலில் வெளிறி வெடித்தால் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எங்கள் கீற்று மக்கினால் மரத்தடிக் குழிக்கு எருவாகப் போகும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பெரியவர்கள் கட்டி முடித்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே அனுப்பக் கூடாது. ஆண்டாள் பாட்டுச் சிறுமிகள் தங்கள் முதுகு வலிக்க இழைத்தார்கள், அதனால்தான் கண்ணனோடு அப்படி மல்லுக்கு நின்றார்கள். கோணலாக முடைந்த கீற்றும் கூரை ஏறட்டும். மழையில் ஒழுகினால், எந்த இடத்தில் என்று முடைந்த பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கும்.