அசுரனுக்குத் தீர்ப்பு எழுதியது யார்?

அசுரன் என்றதும் நம் மனக்கண்ணில் ஓர் உருவம் எழும். கோரைப் பல், உருட்டு விழி, முறுக்கு மீசை, ஓங்கிய கதை. தூணிலே அவனைச் செதுக்கினர்; திருவிழாவிலே பொம்மையாய்ச் செய்து ஆண்டுதோறும் தலை கொய்தனர். அவன் செய்த குற்றம் யாது, குற்றஞ்சாட்டியவர் யார், தீர்ப்பு எழுதியவர் எவர் என்று கேட்டோர் மிகச் சிலர். கேட்டவருக்கு நாத்திகர் என்னும் பட்டம் கிடைத்தது, விடை கிடைக்கவில்லை.

விடை வரலாற்றிலே இருக்கிறது. அதைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டும். எனினும், புறப்படும் இடம் பட்டு நெய்யும் காஞ்சிக்குத் தெற்கே, செய்யாற்றங்கரையிலேயே உண்டு. மாகறல் அவ்வூரின் பெயர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஊர். பொன்னுடும்பு ஒன்று சோழ மன்னன் கண்ணிற்பட்டுப் புற்றுக்குள் மறைந்தது என்பது அங்கு வழங்கும் கதை. மாகறன் என்னும் அசுரன் சிவனை வழிபட்டமையால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்பது மற்றொரு கதை. தோழர்களே, இந்த இரண்டாவது கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! கோயிலுக்கு வந்தவன், கும்பிட்டவன், ஊருக்கே பெயர் தந்தவன். பக்தனுக்குரிய இலக்கணம் அத்தனையும் அவனிடம் இருக்க, அவனை அசுரன் ஆக்கியது எது? நடத்தை அன்று, பெயர்!

அந்தப் பெயரின் பயணத்தைத்தான் இங்கே ஆராய்கிறோம்.

இன்றைய இளைஞன் அசுரனைச் சந்திப்பது புராணப் பிரசங்கத்தில் அன்று, ஒளிரும் திரையிலே. ஜப்பான் நாட்டின் ஸ்கொயர் நிறுவனம் 1987-ல் 'பைனல் பேண்டசி' என்னும் வீடியோ கேம் தொடரைத் தொடங்கிற்று. வீரர் குழு ஒன்றை ஆடுபவனே நடத்திச் சென்று, கொடிய உயிர்களை வீழ்த்தி முன்னேறும் ஆட்டம் அது. 1990-ல் வந்த மூன்றாம் பாகத்தில் இருள் உலகின் காவலருள் ஒருவனாக 'அஹ்ரிமன்' தோன்றினான். பின்னர் வந்த பாகங்கள் பலவற்றில் அதே பெயர், பெரிய ஒற்றைக் கண்ணும் வௌவாற் சிறகும் கொண்டு பறக்கும் கொடிய உயிருக்கு உரியதாயிற்று. ஆடும் சிறுவன் அதை வெட்டுகிறான், மதிப்பெண் பெறுகிறான், அடுத்த களத்துக்கு நகர்கிறான். யாரை வெட்டினோம் என்று அவன் அறியான்.

அஹ்ரிமன் பாரசீகத்தின் பழம்பெயர். ஜரதுஷ்டிரர் நெறியின் மறையாகிய அவெஸ்தாவில் 'அங்ர மைன்யு' என்று வருவது, பகைமை கொண்ட ஆவி என்று பொருள்படும். அதுவே பிற்காலப் பாரசீகத்தில் அஹ்ரிமன் எனத் திரிந்தது. அவன் எதிர்த்து நிற்கும் முழுமுதற் கடவுள் யார்? அஹுர மஸ்தா. அஹுரன் என்றால் தலைவன். அந்தத் தலைவனை எதிர்க்கும் கொடியோர் கூட்டத்தின் பெயரோ 'தஏவர்'!

பாரசீக மொழியில் ஹகரம் நிற்கும் இடத்தில் வடமொழியில் சகரம் நிற்பது வழக்கம். சிந்து அங்கே ஹிந்து. சோமம் அங்கே ஹவோமம். சப்த அங்கே ஹப்த. அவ்வழியே அஹுரன் யார்? நம் அசுரன்தான்! தஏவன் யார்? நம் தேவன்தான்! ஆற்றுக்கு இக்கரையில் தேவன் கடவுள், அசுரன் கொடியவன். அக்கரையில் அசுரன் கடவுள், தேவன் கொடியவன். காஞ்சித் தறியிலே பாவு ஒன்றாக இருக்க, ஊடை மாறினால் பூ மாறுவதுபோல, சொல் ஒன்றாக இருக்கவே கடவுளும் பேயும் இடம் மாறின.

தேவர்க்கரசன் என்று நாம் கேட்டுப் பழகிய இந்திரன், அவெஸ்தாவின் பகுதியாகிய வெந்திதாத்தில் விரட்டப்பட வேண்டிய பேய்களின் வரிசையில் நிற்கிறான். அதே இந்திரன், கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் இட்டைட்டு மன்னனும் மித்தானி மன்னனும் செய்துகொண்ட உடன்படிக்கையில், மித்திரன், வருணன், நாசத்தியர் ஆகியோருடன் சாட்சித் தெய்வமாக நிற்கிறான். ஓர் ஏட்டில் சாட்சி. மற்றோர் ஏட்டில் குற்றவாளி. ஆள் ஒருவனே!

இருக்கு வேதத்தைப் புரட்டினாலும் வியப்பே காத்திருக்கிறது. அங்கே வருணன் அசுரன் எனப் போற்றப்படுகிறான், அக்கினி அசுரன், இந்திரனும் அசுரன்! வலிமையும் தலைமையும் உடையவன் என்பதே அன்று அச்சொல்லின் பொருள். காலம் செல்லச் செல்லப் புகழ்ச்சி இகழ்ச்சியாயிற்று. பின்னர், 'அ' என்பது எதிர்மறை என்று கொண்டு, அதைக் கழற்றிவிட்டுச் 'சுரர்' என்றொரு சொல்லையே புதிதாக உண்டாக்கித் தேவர்க்குச் சூட்டினர். பகைவனைப் பிறப்பித்த பிறகு, அவன் பெயரை வெட்டித் தமக்குப் பெயர் செய்துகொண்டனர்!

வெறும் சொல்லாராய்ச்சி இது என்று ஒதுக்கிவிட வேண்டாம். கி.மு. 486 முதல் 465 வரை பாரசீகத்தை ஆண்ட செர்க்சஸ் மன்னனின் கல்வெட்டு ஒன்று 1935-ல் பெர்சிபோலிசில் கிடைத்தது. தேவர்களை வணங்கிய இடத்தை அஹுர மஸ்தாவின் அருளால் அழித்ததாகவும், அவ்வழிபாட்டைத் தடை செய்ததாகவும் மன்னன் அதிலே பெருமிதம் கொள்கிறான். பெயர் மாறினால் கோயில் இடிகிறது. ஆளும் கை ஓங்கினால் அயலானின் ஆண்டவன் அலகையாகிறான். இதுவே அக்கல் கூறும் பாடம்.

கிழக்கே போன அசுரனின் கதை வேறு. பௌத்தம் அவனை அழிக்கவில்லை, காவலனாக்கிக்கொண்டது. ஜப்பானின் நாரா நகரத்துக் கோபுகுஜி கோயிலில், 734-ல் செய்யப்பட்ட அசுரர் சிலை இன்றும் இருக்கிறது. மூன்று முகம், ஆறு கை. முகத்திலோ சினத்தினும் சிந்தனையே மிகுதி. மேற்சொன்ன விளையாட்டுத் தொடரின் 1991-ஆம் ஆண்டு நான்காம் பாகத்தில் 'அசுரா' என்பவள் மூன்று முகம் கொண்ட அரசியாக வருவாள். முகத்துக்கேற்பக் காயம் ஆற்றுவாள், காவல் அளிப்பாள், வீழ்ந்தவரை எழுப்புவாள். ஒரே விளையாட்டில் அஹ்ரிமன் கொடியவன், அசுரா அருள்பவள்!

இனித் தமிழகத்துக்கு வருவோம். சங்கப் பாடல்களில் 'சூர்' என்பது அச்சம்; மலையிலும் சுனையிலும் உறையும் அச்சந்தரும் ஆற்றல். முருகன் வென்ற பகையும் சூரே. அச்சூர், காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றியதாகக் கூறப்படும் கந்தபுராணத்தை அடையும்போது, காசிபருக்கும் மாயைக்கும் மகனாய், தம்பியரும் தலைநகரும் உடைய சூரபதுமனாய் வளர்ந்துவிட்டது. மலைநாட்டு மக்களின் அச்சத்துக்கு வடமொழிக் குலமரபு பூட்டப்பட்டது.

ஆகவே அசுரர் அனைவரும் திராவிடரே என்று முடித்துவிடலாமா? எளிய முடிவு, ஆனால் பகுத்தறிவாளனுக்கு எளிமை போதாது, சான்று வேண்டும். அச்சொல் முதலில் அவர்கள் தம் கடவுளருக்கே சூட்டிய சொல் என்பதை மேலே கண்டோம். ஒவ்வோர் அசுரனையும் நம் பாட்டன் என்று கொண்டாடுவது, அவர்கள் எழுதிய கதையை மறுபக்கத்திலிருந்து நம்புவதாகும். நாம் கேட்க வேண்டியது ஒன்றே: எழுதுகோல் எவன் கையில் இருந்தது?

அக்கேள்வியைக் கேட்டவர்கள் இந்நாட்டிலே இருந்தார்கள். காஞ்சி தந்த அண்ணா, 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில் இராவணனை மறுவிசாரணைக்கு நிறுத்தி வாதாட வைத்தார். புலவர் குழந்தை 1946-ல் 'இராவண காவியம்' படைத்தார். 1948-ல் அரசு அதைத் தடை செய்தது. 1971-ல்தான் தடை நீங்கிற்று. கற்பனை அசுரனுக்கு வழக்குரைத்த நூலைக் கண்டு உண்மையான அரசு ஏன் அஞ்சியது? தீர்ப்பு மறுபடி படிக்கப்படும் என்ற அச்சமன்றி வேறென்ன!

இது இறந்தோர் வழக்கும் அன்று. சார்க்கண்டின் மேட்டு நிலத்தில் அசுர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பில் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 22,000 பேர். வழிவழியாக இரும்பு உருக்கியவர்கள். மகிடாசுரனைத் தம் முன்னோன் என்று கருதுவோர் அவர்களிடையே உண்டு. நாடு துர்க்கை பூசை கொண்டாடும் நாளில் அவர்கள் துக்கம் காக்கின்றனர். அசுரன் என்பது நமக்குப் பொம்மை, விளையாட்டு, வசைச்சொல். அவர்களுக்கோ அது பள்ளிப் பதிவேட்டில் எழுதும் குலப்பெயர். பாடப்புத்தகத்தில் தன் இனப்பெயரைக் கொடியவன் பெயராகப் படிக்கும் குழந்தையின் முகத்தை எண்ணிப் பாருங்கள்!

இளைஞர்களே, விளையாடுங்கள், வேண்டாம் என்று தடுப்பவர் யார்? மாகறலின் கோயிலையும் காணுங்கள். கல்லிலே செதுக்கியவன் கைத்திறம் போற்றத்தக்கதே. ஆனால் அசுரன், அரக்கன், பூதம் என்று எவனையேனும் காட்டி, 'வெட்டு' என்று கதை கட்டளையிடும்போது, ஒரு நொடி கையை நிறுத்துங்கள். அவன் வாக்குமூலம் எங்கே என்று கேளுங்கள். ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் கேட்டு வழங்கிய தீர்ப்பு எந்த மன்றத்திலும் செல்லாது. மனிதனின் மனமன்றத்தில் மட்டும் ஏன் செல்ல வேண்டும்?